பொத்தோசி: எட்டு ரெயால் ஏழரை ஆன ஊர்

சின்ன முன்கதை ஒன்று. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கக் கொலுசுப் பட்டறை. அப்பா போனபிறகு சித்தப்பா நடத்துகிறார். நான் கணக்குப் படித்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டேன். உருக்க வரும் பழைய வெள்ளியில் எப்போதாவது பழங்காசு கலந்து வரும். அப்படி வந்த ஒன்றை மட்டும் தாத்தா மூசையில் போடாமல் தகர டப்பாவில் எடுத்து வைத்திருந்தார். ஒரு பக்கம் கோபுரம், அதைச் சுற்றி நட்சத்திரங்கள். மறுபக்கம் பெருமாள், தமிழில் அரை பூவராகன். கும்பினி காலத்து மதராஸ் காசு. ஆனால் கோபுரத்தின் அடியில் கோபுரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வளைகோடு.

பல வருடம் கழித்து ஒரு நாணயக் கண்காட்சியில் ஒரு பெரியவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸில் ஸ்பெயின் நாட்டு எட்டு ரெயால் மதிப்புள்ள பெரிய வெள்ளிக் காசுகளை எடுத்து அவற்றின் மேலேயே வராகன் அச்சை அடித்தது உண்டாம். அடியில் தெரிவது ஸ்பெயின் ராஜாவின் காசு.

அந்த வெள்ளி மண்ணிலிருந்து வந்த இடங்களில் பெரியவை இரண்டு: மெக்சிகோ, பொலிவியாவின் பொத்தோசி. 2025-இல் அலுவலக வேலையாக மூன்று மாதம் சிலியில் இருந்தேன். ஐந்து நாள் விடுப்பு கிடைத்ததும் கூட இருந்தவர்கள் பனிமலை பார்க்கக் கிளம்பினார்கள். நான் பொத்தோசிக்குக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 9, சனி, சுக்ரே

ஊர் முழுக்க வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, கண்ணைக் கூசும் வெயில். நிழலில் நின்றால் குளிர், வெயிலில் நின்றால் சூடு. ஸ்வெட்டரைப் போடுவதும் கழற்றுவதுமாகவே காலை போனது. ஸ்பானியர் காலத்தில் இந்த ஊருக்கு லா பிளாத்தா என்று பெயர். பிளாத்தா என்றால் வெள்ளி. மலையில் வெள்ளி எடுத்தவர்கள் குளிருக்கு ஒதுங்கி வந்து மாளிகை கட்டிய ஊர். பொலிவியா விடுதலை அடைந்து மூன்று நாள் முன்புதான் 200 வருடம் முடிந்திருந்தது, அதனால் எங்கே பார்த்தாலும் சிவப்பு, மஞ்சள், பச்சைத் தோரணம். அடுத்த வாரம் தேர்தல் வேறு. நம் ஊர் போலவே சுவருக்குச் சுவர் முகங்கள்.

முதல் பாடம் காசு மாற்றுவதில். அப்போது வங்கி விலை ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோ. தெருவில் அதே டாலருக்கு 13-க்கு மேல். விஷயம் தெரியாமல் விமான நிலையத்தில் அட்டையைச் சொருகி வங்கி விலைக்கே பணம் எடுத்துவிட்டேன். பாதிக்குப் பாதி நஷ்டம். கணக்குப் படித்தவள் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

சாப்பாடு சால்தேன்யா. சோமாசி போல மடித்துச் சுட்டது, உள்ளே கறியும் உருளையும் குழம்போடு இருக்கும். சுற்றி எல்லோரும் நிமிர்த்திப் பிடித்து, மேல் நுனியைக் கடித்து, குழம்பை உறிஞ்சிவிட்டுச் சாப்பிட்டார்கள். நான் சமோசா மாதிரி நடுவில் கடித்தேன். குழம்பு முழங்கை வரை வழிந்தது. பக்கத்து மேசைப் பாட்டி ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து காகிதத் துண்டு நாலைந்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். சிரிக்கக்கூட இல்லை. அந்த மரியாதை பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, பொத்தோசிப் பாதை

சுக்ரேயிலிருந்து பொத்தோசி 160 கிலோமீட்டர் போல. மூன்று, மூன்றரை மணி நேரம் என்றார்கள். எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. பகிர்வு டாக்சியில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் ஓட்டுநர் வண்டியை நேராகப் பெட்ரோல் பங்க் வரிசைக்கு விட்டார். நாட்டில் அப்போது எரிபொருள் தட்டுப்பாடு. வரிசை இரண்டு தெரு தாண்டி வளைந்து நின்றது. யாரும் கத்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. ஒருவர் வண்டிக் கூரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். என் பக்கத்து இருக்கைக்காரர் பையிலிருந்து கோக்கா இலையை எடுத்து, காம்பும் நரம்பும் கிள்ளி, ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒதுக்கினார். கூடவே சாம்பலில் செய்த ஒரு கறுப்புக் கட்டியில் துளி. வெற்றிலையும் சுண்ணாம்பும் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. எனக்கும் ஒரு பிடி நீட்டினார். வேப்பிலையும் தேயிலையும் கலந்த மாதிரி கசப்பு, கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்தது.

வழியில் பில்கோமாயோ ஆறு. கோட்டைக் கொத்தளம் வைத்த பழைய தொங்கு பாலம் ஒன்று அங்கே தனியாக நிற்கிறது. அதற்கு அப்புறம் ஏற்றம்தான். சுக்ரே 2,800 மீட்டர் உயரம், பொத்தோசி 4,000 மீட்டருக்கு மேல். செடி குறைந்து, நிறம் குறைந்து, கடைசியில் ஒரு வளைவில் மலை தெரிந்தது. செரோ ரிக்கோ, அதாவது பணக்கார மலை. குங்குமத்தைக் கூம்பாகக் குவித்து மேலே கொஞ்சம் மஞ்சள் தூவினால் எப்படி இருக்கும், அப்படி. 1545-இல் தியேகோ வால்பா என்ற மலைவாசி இரவில் குளிருக்குத் தீ மூட்ட, காலையில் தரையில் வெள்ளி உருகி ஓடியிருந்தது என்று கதை சொல்கிறார்கள். விறகுச் சூட்டில் வெள்ளி உருகுமா என்று சித்தப்பாவிடம் கேட்டால் சிரிப்பார். வருடம் மட்டும் சரி.

நான் பார்க்க வந்தது அந்த வெள்ளியைக் காசாக அடித்த நாணயச் சாலை, இப்போது அருங்காட்சியகம். ஞாயிறு மதியம் வரைதான். நான் போய்ச் சேரும்போது கதவு சாத்தியிருந்தது.

விடுதிப் படி பன்னிரண்டு. ஏறி முடித்ததும் நாலு மாடி ஏறியது போல மூச்சு வாங்கியது. வீட்டம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேடு, கடவுச்சீட்டு எதுவும் கேட்காமல் முதலில் கோக்கா தேநீர் கொண்டுவந்தார். ராத்திரி முழுக்கத் தலைவலி. நாலு கம்பளி. அதற்கு மேல் இன்னொன்று போட்டால் கனத்தில் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள், பொத்தோசி

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. உறைந்துவிட்டதாம், பத்து மணிக்கு மேல் வெயில் பட்டால் வரும். நாணயச் சாலைக்கு ஓடினேன். திங்கள் விடுமுறை! இரண்டு நாள் முன்பே யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, சாப்பிடலாம் என்று சந்தைக்குப் போனேன். ஊதா நிறச் சோளத்தில் காய்ச்சிய ஆப்பி என்ற பானம். பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார்கள், கெட்டியாக, இனிப்பாக. கம்பங்கூழுக்கு மைசூர் மகாராஜா பட்டம் கட்டியது போல ஒரு நிறம். அடுத்த கடையில் கலாபுர்க்கா. சோள மாவுக் குழம்பு மண் சட்டியில் வந்தது. கடைக்கார அம்மா அடுப்பிலிருந்து பழுக்கக் காய்ந்த எரிமலைக் கல் ஒன்றை இடுக்கியால் எடுத்து என் சட்டிக்குள் போட்டார். குழம்பு சுர்ரென்று பொங்கிச் சுற்றிலும் தெறித்தது. நான் பின்னால் குதித்ததைப் பார்த்து முழுக்கடையும் சிரித்தது. கடைசிக் கரண்டி வரை சூடு ஆறவில்லை. இந்தக் குளிருக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான சமையல் இருக்க முடியாது. விலை 25 பொலிவியானோ.

சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் கசேரா என்று கூப்பிடுகிறார்கள். நம் வாடிக்கை என்ற சொல்லுக்கு மிக அருகில். பழம் வாங்கி முடித்ததும் "யாப்பா" என்று கேட்க வேண்டும். கேட்டால் ஒன்று கூடுதலாக விழும். கெச்சுவா மொழிச் சொல். நம் கொசுறேதான்! அர்த்தம் புரிந்ததிலிருந்து கூச்சமில்லாமல் எல்லாக் கடையிலும் யாப்பா கேட்டேன்.

மதியம் மெதுவாக நடந்தேன். வேகமாக நடக்க உடம்பு விடவில்லை. ஓடைக் கரையோரம் பழைய ஆலைகளின் இடிந்த சுவர்கள். மலையிலிருந்து வந்த கல்லை இங்கேதான் இடித்துப் பொடியாக்கினார்கள். அதற்குத் தண்ணீர் சக்கரம் வேண்டும். மழையோ சில மாதம்தான். அதனால் மேலே மலைகளில் ஏரிகள் கட்டினார்கள். 1626-இல் அதில் ஒன்று, சான் இல்தெஃபோன்சோ, உடைந்து ஊரையும் ஆலைகளையும் அடித்துக்கொண்டு போனது. பொடியில் உப்பும் பாதரசமும் சேர்த்து மிதித்து, வெள்ளியைப் பாதரசத்தில் பிடித்து, பிறகு சூடு காட்டிப் பாதரசத்தை ஓட்டுவார்கள். பாதரசம் பெருவின் வாங்காவெலிக்காவிலிருந்து வந்தது. அந்தப் புகையை மூச்சில் வாங்கியவர்கள் யார் என்றுதான் கேட்க வேண்டும்.

1570-களில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ மித்தா என்ற கட்டாய வேலை முறையை இங்கே நிலைநிறுத்தினார். 16 மாகாணங்களிலிருந்து, வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவர், முறைபோட்டு வர வேண்டும். வருடத்துக்கு 13,000 பேருக்கு மேல். மனைவி, பிள்ளை, சுமை தூக்கும் லாமா மிருகத்தோடு மாதக்கணக்கில் நடந்து வந்தார்கள். அதே தொலேதோதான் 1572-இல் இந்த ஊரில் நாணயச் சாலைக்கும் அடிக்கல் போட்டவர். ஆள், பாதரசம், அச்சு மூன்றையும் ஒரே மனிதர் ஓரிரு வருட இடைவெளியில் கோர்த்துவிட்டார். நிர்வாகத்தில் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சுரங்கத்துக்குள் கூட்டிப் போகும் சுற்றுலா உண்டு. இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மலைக்குள் துத்தநாகம், ஈயம், தகரம், கொஞ்சம் வெள்ளி என்று தோண்டுகிறார்கள். எனக்கு இந்த மூச்சோடு குகைக்குள் போகத் தைரியம் இல்லை. இன்னொருவர் வேலை செய்யும் இடத்தை எட்டிப் பார்க்கக் கட்டணம் கட்டுவதும் உறுத்தியது. போகவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய், நாணயச் சாலை

ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நான் முதல் ஆள். வெளிநாட்டவருக்கு 40 பொலிவியானோ. வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் உள்ளே விடுகிறார்கள். எங்கள் வழிகாட்டி முப்பது வயதுப் பெண், கழுத்தில் மூன்று சுற்றுச் சால்வை. முதலில் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்ளச் சொன்னார். உள்ளே வெளியைவிடக் குளிர்.

முதல் முற்றத்தில் நுழைந்ததும் வளைவின் மேல் ஒரு பெரிய முகம், திராட்சை மாலையோடு கேலியாகச் சிரிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் செய்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

இது இரண்டாவது நாணயச் சாலை. 1750-களில் தொடங்கி 1773-இல் முடிந்தது. ஒரு மில்லியன் பெசோவுக்கு மேல் செலவு. பெசோ என்பது எட்டு ரெயாலுக்கு இன்னொரு பெயர். கோட்டைதான்: ஒரு மீட்டருக்கும் கனமான சுவர், அடுத்தடுத்து முற்றங்கள், தலைக்கு மேலே மரத் தூலங்கள். ஓவியக் கூடத்தில் ஒரு படத்தின் முன்னால் கொஞ்சம் அதிகம் நின்றேன். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, வரைந்தவர் பெயர் இல்லை. மாதாவின் உடையே செரோ ரிக்கோ. மலை உச்சியில் முகம், இரண்டு சரிவிலும் கைகள், பாவாடை மடிப்பில் பாதைகள், அதில் எறும்பு மாதிரி மனிதர்களும் லாமாக்களும். இரண்டு பக்கமும் சூரியனும் சந்திரனும். மாதா என்று பார்த்தால் மாதா, மலைத்தாய் என்று பார்த்தால் மலைத்தாய். இரண்டு கூட்டமும் ஒரே படத்தைக் கும்பிட்டிருப்பார்கள்.

அப்புறம் காசுகள். முதல் இருநூறு வருடம் அடித்தவற்றுக்கு மக்குகீனா என்று பெயர். முதல் முறை பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். வட்டமே இல்லை. உடைத்த வெல்லக்கட்டி மாதிரி ஓரம், பாதி எழுத்து வெளியே. கூட வந்த ஒரு இளைஞர் "இவ்வளவு மோசமா செய்வாங்க?" என்று கேட்டார். எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் பட்டறை வாசனையே வந்துவிட்டது. வெள்ளியை உருக்கிப் பட்டையாக ஊற்றி, சம்மட்டியால் தட்டி, கத்தரியால் துண்டு போட்டு, தராசில் வைத்து, கூடினால் ஓரத்தை நறுக்கி, எடை சரியானதும் இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து ஒரே அடி. அவ்வளவுதான். வட்டம் யாருக்கு வேண்டும்? 27 கிராம் சொச்சம், நம் கணக்கில் மூன்றரைச் சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எடையும் வெள்ளியின் தரமும் சரியாக இருந்தால் அது எட்டு ரெயால். கடல் கடந்து எவனும் வாங்குவான். அங்கே உருவத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்?

ஒவ்வொரு காசிலும் பொத்தோசியைக் குறிக்கும் எழுத்தும், அதன் பக்கத்தில் இன்னொரு எழுத்தும் இருக்கும். இரண்டாவது எழுத்து, தரம் பார்த்தவரின் பெயர் முதல் எழுத்து. பழந்தமிழில் வண்ணக்கன் என்பார்களே, அந்த வேலை. காசு தரமில்லை என்றால் யார் கழுத்தைப் பிடிப்பது என்பது காசிலேயே அச்சாகியிருக்கும்.

பிடிக்கவும் பிடித்தார்கள். வழிகாட்டி இந்தக் கதைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார், நேற்று நடந்தது போல. பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சா என்பவர் பெரிய வெள்ளி வணிகர். தரம் பார்ப்பவர் ஃபெலிப்பே ராமிரெஸ் தெ அரெயானோ. இந்த இருவரின் காலத்துக் காசில் செம்பு ஏறிக்கொண்டே போனது. ஐரோப்பாவில், ஸ்பெயின் ராஜாவுக்குக் கடன் கொடுத்த ஜெனோவா வங்கிக்காரர்கள் பொத்தோசிக் காசு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பத் தொடங்கினார்கள். ராஜா ஃபெலிப்பே நான்காமவர் நெஸ்தாரெஸ் மரீன் என்ற பாதிரியாரை விசாரணைக்கு அனுப்பினார். 1650-இல் ரோச்சாவுக்கும் ராமிரெஸுக்கும் மரண தண்டனை. ஊரில் ரோச்சா புதைத்த புதையல் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஏற்கெனவே உலகம் முழுக்கப் போய்விட்ட காசை என்ன செய்வது? மதிப்பை இறக்கினார்கள். ரோச்சா காலத்து எட்டு ரெயால் இனி ஆறு ரெயால். அடுத்து வந்த, ஓரளவு பரவாயில்லாத காசு ஏழரை ரெயால், அதற்கு அடையாளமாகக் கிரீட முத்திரை. எட்டு ஏழரை ஆனது! ஏழரை என்றால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கையில் ரோச்சா காசு வைத்திருந்த சாதாரண ஆளுக்கு ஒரே ராத்திரியில் கால்வாசி போயிற்று. போன சனிக்கிழமை விமான நிலையத்தில் அட்டையைச் சொருகிய எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

1652-இலிருந்து புது வடிவம்: இரண்டு தூண், கீழே கடல் அலை, நடுவே ப்ளூஸ் உல்த்ரா (இன்னும் அப்பால்) என்ற லத்தீன் வாசகம். வருடமும் தரம் பார்த்தவரின் எழுத்தும் ஒரே காசில் பல இடத்தில். அச்சு கோணலாக விழுந்தாலும் எங்காவது ஓர் இடத்திலாவது பெயர் தெரியட்டும் என்ற ஏற்பாடு. அந்தக் காசின் முன் குனிந்து பார்த்தேன். இடது தூண் பாதி, வலது தூண் முழுசாக, அலை மூன்று கோடு, மேலே பொத்தோசியின் எழுத்து ஒன்று வெட்டுப்பட்டு வெளியே போயிருந்தது. கீழே இன்னொன்று பத்திரமாக இருந்தது.

அடுத்த அறையில் மர யந்திரங்கள். ஆளுயரத்தைத் தாண்டிய பல் சக்கரங்கள், எல்லாம் மரம். ஸ்பெயினில் செய்து கப்பலிலும் பிறகு மலைப் பாதையிலும் வந்தவை. வெள்ளிப் பட்டையை உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு, காசின் கனத்துக்குத் தகடாக்கும். எங்கள் பட்டறையில் தையல் மிஷின் அளவில் ஒரு தகடு மிஷின் உண்டு, கரண்ட் போனால் சித்தப்பா கையால் சுற்றுவார். இங்கே சுற்றியது கோவேறு கழுதைகள். தரையில் உள்ள துளை வழியே எட்டிப் பார்த்தால் கீழ்த்தளத்தில் வட்டமான பாதை தெரிகிறது. இருட்டில், செக்குமாடு போல, நாள் முழுக்க. இந்த உயரத்தில் அவை ரொம்ப நாள் தாங்கவில்லை என்றார் வழிகாட்டி. பழைய நாணயச் சாலையில் உலைகளிலும் சம்மட்டியிலும் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள். காட்சிப் பலகையில் கழுதைகளுக்கு இருக்கும் இடம் அவர்களுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

1767-இலிருந்து இங்கே யந்திரத்தில் அடித்த வட்டக் காசு வந்தது, 1773 வாக்கில் சம்மட்டி அடி நின்றது. இனி ஓரத்தில் கோடு வரும், யாரும் சுரண்ட முடியாது. பொத்தோசியின் குறி இப்போது பி, டி, எஸ், ஐ என நாலு ரோமன் எழுத்தையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய முத்திரை. அதைக் காட்டி "டாலர் குறி இதிலிருந்துதான் வந்தது" என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் பெசோ என்பதைக் கணக்குப் பேரேட்டில் சுருக்கி எழுதிய பழக்கத்திலிருந்து வந்தது என்பதைத்தான் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். பேரேடு எழுதுபவள் என்பதால் நானும் அந்தக் கட்சி.

வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்து சித்தப்பாவுக்குப் படங்களை அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"என்ன டச் கண்ணு?"

வெள்ளிக்காரர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. டச் என்றால் நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி.

"ஆரம்பத்துல 93 சித்தப்பா. 1728-ல 91.7 ஆக்கினாங்க. 1772-ல 90.3. அப்புறம் 1786-ல 89.6."

"யாரு கொறச்சது, அந்தத் திருட்டுப் பயலா?"

"அவன் செத்து நூறு வருஷம் ஆச்சு. இது ராஜா கொறச்சது. 1772-ல வெளிய சொல்லாம ரகசியமா உத்தரவு போட்டாரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சம்மட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவனைக் கொன்னு போட்டாங்க, இவருக்குக் காசுல முகத்தைப் போட்டாங்களாக்கும்" என்றார்.

சுதந்திரம் வந்தபிறகு இதே சாலையில் பொலிவார் முகத்தோடு காசு அடித்தார்கள். 1830-இலிருந்து சில காசுகளை 66.7-க்கே இறக்கியதையும் சொன்னேன். "அது நம்ம ஊரு கொலுசு டச்சு" என்று சிரித்தார். 1950-களின் தொடக்கத்தோடு இங்கே அடிப்பது நின்றது. இப்போது பொலிவியாவின் சில்லறையே வெளிநாட்டில் அடித்து வருகிறது.

கடைசியாக ஒன்று. வழிகாட்டியிடம் தாத்தாவின் அரை வராகன் படத்தைக் காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கி, திருப்பி, சக ஊழியரையும் கூப்பிட்டுக் காட்டினார். கோபுரத்தை அவர்களுக்குப் பிடித்துப்போனது, தேவாலயமா என்று கேட்டார்கள். அடியில் தெரியும் வளைகோடு ராஜாவின் தோள் என்றார்கள். எந்த நாணயச் சாலை என்று சொல்லும் எழுத்து கோபுரத்துக்குள் நசுங்கிப் போயிருக்கிறது. "மெக்சிகோவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அவர்கள் எங்களைவிட நிறைய அடித்தார்கள்" என்று கையை விரித்தார் அந்தப் பெண். பொய்யாகவாவது பொத்தோசி என்று சொல்லியிருக்கலாம், அத்தனை தூரம் வந்திருக்கிறேன். சொல்லவில்லை. தரம் பார்ப்பவர் வேலைக்கு இவரை வைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 13, புதன், திரும்பும் வழி

தலைவலி இறங்கிவிட்டது, கிளம்பும் நாளில்தான் இறங்கும். காலையில் வெள்ளிக் கடைகள் பக்கம் போனேன். நடைபாதையில் துணி விரித்து ஓர் அம்மா: பழைய சாவி, பித்தளை மணி, அதற்கு நடுவே மக்குகீனாக்கள். "ஒரிஜினல், தாத்தா காலத்துது" என்றார். உண்மையாக இருந்தால் நாட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது, பொய்யாக இருந்தால் வாங்கக் கூடாது. இரண்டும் தெரிந்தும் உட்கார்ந்துவிட்டேன். 150 சொன்னார். அறுபதுக்கு முடிந்தது. பழக்க தோஷத்தில் "யாப்பா?" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் இன்னொரு எட்டு ரெயாலை எடுத்துக் கையில் வைத்தார்!

இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒரே வெட்டு, ஒரே கோணல், ஒரே இடத்தில் பாதித் தூண். சம்மட்டியால் தனித்தனியாக அடித்த காசில் இரண்டு ஒன்றுபோல இருக்காது என்று நேற்றுதான் கண்ணால் பார்த்திருந்தேன்.

பஸ் நிலையத்தில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம், மறுபடியும் டீசல். சிமென்ட் திண்ணையில் ஒரு காசை விரலால் சுண்டிவிட்டுச் சத்தத்தைப் பதிவு செய்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். எதிரே இருந்த சிறுவன் நான் என்ன செய்கிறேன் என்று எழுந்து வந்து பார்த்தான். இன்னொன்றை அவனிடம் கொடுத்தேன். அவனும் சுண்டினான். இரண்டும் தட்டு உடைந்தது போல ஒரே மாதிரி "டொக்" என்றன.

பதில் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. சுக்ரேயில் இறங்கும்போது போனில் சித்தப்பாவின் குரல் காத்திருந்தது.

"ஈயம் கண்ணு. திருப்பிக் குடுத்துரு."